சத்தம் குறைத்த பாடம்

1991 டிசம்பர். காவிரித் தகராறில் பெங்களூரில் கலவரம். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியோடு பஸ்கள் நின்றுவிட்டன. ஓசூரை அடுத்த மத்திகிரியில் வாடகைக்கு இருந்த முனிலட்சுமி ஞாயிறுதோறும் பெங்களூர் போய்க் கேட்டுவந்த வகுப்பும் அதோடு போயிற்று. அவளுக்கு ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் நாளெல்லாம் நின்றபடி பேக்கிங் வேலை. தபால் வழியில் பி.காம். தேர்வு நெருங்கிவிட்டது. காலை ஆறரைக்கு டி.வி.யில் வரும் பாடம் ஒன்றுதான் மிச்சம்.

டி.வி. இருந்தது பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவிடம். அன்று முனிலட்சுமி போனபோது கூடம் நிறைய ஆட்கள். எல்லை தாண்டி ஓடிவந்தவர்களை அந்த வீடு சேர்த்துக்கொண்டிருந்தது. மூட்டைகளில் தலைவைத்துத் தூங்கினார்கள். வெங்கடம்மாள் என்பவள் மட்டும் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் கூட்டத்தில் பிரிந்த அவள் மகன் ஆஞ்சப்பன் இன்னும் வந்து சேரவில்லை.

"அப்பறமா வரேங்க்கா," என்று முனிலட்சுமி திரும்பினாள்.

"பரிச்ச உனக்காவ நிக்குமா? உள்ள வா," என்று ஷரீஃபுன்னிசா டி.வி.யைப் போட்டாள்.

வெங்கடம்மாள் சீறினாள். "எம்புள்ள உசுரோட இருக்கறானான்னே தெரியல. இப்ப டி.வி. கேக்குதா உங்களுக்கு?"

முனிலட்சுமி பதறிப்போய்ச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். திரையில் ஆசிரியர் வாயசைத்தார். ஏதோ இயந்திரத்தின் தேய்மானக் கணக்கு. ஓர் எண்ணிலிருந்து அடுத்தது எப்படி வந்ததென்று பிடிபடவில்லை.

தெருவில் லாரி வந்து நின்றது. கூடமே எழுந்து வாசலுக்கு ஓடியது. யாரும் இறங்கவில்லை, லாரி போய்விட்டது.

வெங்கடம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அந்தாளு என்னாம்மா சொல்றாரு?"

"தெரியலீங்கம்மா."

"சத்தத்த வெய்யி. கம்முனு இருந்தா கண்டதும் நெனப்புக்கு வருது. அவராச்சும் பேசட்டும்."

மிச்சப் பாடத்தை எல்லாரும் கேட்டார்கள், ஆங்கிலம் புரியாமலே. முனிலட்சுமிக்கே பாதிதான் புரிந்தது.

ஆஞ்சப்பன் மறுநாள் மதியம் வந்தான். பிரதான சாலைக்கு வரப் பயந்து, ஏரிக்கரைகளில் ஒளிந்து நடந்து வந்திருந்தான். வெங்கடம்மாள் அவனை இரண்டு அறை அறைந்துவிட்டு அப்புறம்தான் அழுதாள்.

முனிலட்சுமி அந்த முறை கணக்குத் தாளில் தோற்றாள். பிறகு மறுபடி பணம் கட்டி, மறுபடி விடியலில் அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த முறை தேறினாள். பட்டம் வாங்கிய வருஷம் அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை கிடைத்தது. நாற்காலி போட்டு உட்காரும் வேலை.