மோட்டார் ரூம் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம்

தொண்ணூறுகளில் ஒரு கோடைக்காலம். பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்தார். விடிந்ததும் காப்பி குடித்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போனவர். முதலில் பார்த்தது அவர் தம்பி, என் கொழுந்தனார். ஆள் கூட்டி வீட்டுக்குத் தூக்கிவந்து, குளிப்பாட்டி, வேட்டி மாற்றிக் கட்டிலில் கிடத்தினார்கள். துடைக்கத் துடைக்க வாயோரம் நுரை வந்தது.

"காப்பி குடிச்சுப்போட்டுத்தானுங்க போனான். நேத்து ரெண்டு பேருக்கும் சண்டைங்க," என்றார் மாமியார், வாசல் வரைக்கும் கேட்கும்படி.

சண்டை போடாத புருசன் பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்று அடுப்படிக்கு ஓடினேன். முந்தின நாள் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்தை அளந்த டம்ளர் அங்கே கிடந்தது. அதைக் கழுவினேனா? காப்பி ஊற்றியது எதில்? நினைக்க நினைக்க எனக்கே தெரியவில்லை.

போலீஸ் வந்து உடம்பைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அறுக்க வேண்டாம் என்று அழுதேன். எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். பாதி பயம். வயிற்றுக்குள் என்ன இருக்குமோ என்ற பயம். பிணவறைக்கு வெளியே பெண் போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இவரும் நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "வலது கை விரல்ல சின்னதா ஒரு கருகல் இருக்குங்க. வயித்துல மருந்து வாடை இல்லை. லேப் ரிசல்ட் வரட்டும். இப்ப ஆள் விழுந்த எடத்த நான் பார்க்கணும்."

ஜீப்பில் என்னையும் கொழுந்தனாரையும் ஏற்றிக்கொண்டார்கள். மோட்டார் ரூமில் தரையைக் கழுவிச் சாணி மெழுகிவிட்டிருந்தார்கள். டாக்டர் தரையை விட்டுவிட்டுச் சுவரில் டார்ச் அடித்தார். புகையும் தூசியும் படிந்த சுவரில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மேலே புதிதாக அறுத்த ஒயர்.

"இங்க என்னங்க இருந்துச்சு?"

கொழுந்தனார் அறுத்த ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்டன்சருங்க. அண்ணன் விழுந்து கெடந்ததப் பார்த்ததும், கரண்ட்டாபீஸ்ல கேஸ் போட்டு கனெக்சன வெட்டிருவாங்கன்னு கழட்டிப்போட்டேனுங்க."

முழுக் கரண்ட் வராத நேரத்திலும் மோட்டார் ஓட, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் திருட்டுத்தனமாக மாட்டிவைக்கும் பெட்டி அது. வைக்கோல் போருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒயரில் ஓரிடத்தில் ரப்பர் உரிந்து செம்புக்கம்பி தெரிந்தது. அதில்தான் அவர் கை பட்டுக் கரண்ட் அடித்திருக்கிறது. தோட்டத்துக் கனெக்சனுக்குப் பயந்து, அண்ணன் பெண்டாட்டி ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனுசன்.

லேப்பிலும் மருந்து இல்லை என்றே வந்தது; கரண்ட் அடித்தாலும் வாயில் நுரை வரும் என்றார் டாக்டர். அறுக்காமல் அன்றைக்கே எரித்திருந்தால் ஊர் என்னைக் கொலைகாரி என்றிருக்கும். நானும் அதை நம்பியிருப்பேன்.

இப்போதும் காப்பி ஊற்றும் முன் டம்ளரை மோந்து பார்க்கிறேன்.