ஒன்றுக்குள் ஒன்று போகும் சாமான்கள்

என் அக்கா ஜெய்புன்னிசாவின் வீட்டுக்காரர் லத்தீப் மச்சான், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் பிளாஸ்டிக் சாமான் ஏற்றிப் போய் விற்கிறவர். வாய் இருக்கிறதே, யம்மா! சந்தையில் வாங்க ஒரு கூட்டம் வந்தால், அவர் பேச்சைக் கேட்க இன்னொரு கூட்டம் நிற்கும்.

சரக்கு ஏற்றுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பக்கெட், டப், டம்ளர் எல்லாம் வாய் அகலம், அடி குறுகல். ஒன்றுக்குள் ஒன்று செருகலாம். டிரம், குடம், பந்து, மூடி போட்ட டப்பா இவற்றைச் செருக முடியாது, இடத்தை அடைக்கும். உலகத்துச் சாமான் அத்தனையும் அவருக்கு இந்த இரண்டே வகைதான்.

போன மழைக்காலத்தில் மனுஷருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. மலை வளைவுகளில் மறுபடி வண்டி ஓட்டலாமா என்பதை மட்டும் டாக்டரம்மா சொல்ல வேண்டும். அவருக்கு வேறு கவலையே இல்லை. அக்காவுக்கும்தான். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கும் மச்சானிடம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது.

நானும் அக்காவும் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா மேஜையில் மரக்கட்டைகளைக் கொட்டினார். கனசதுரம், உருளை, கோளம், கூம்பு, நுனி வெட்டிய கூம்பு.

"ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணா வைங்க பாய்."

மச்சான் கூம்புகள் இரண்டையும் ஒரு பக்கம் வைத்தார். மீதியை மறுபக்கம் தள்ளினார். டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

"பந்தும் சதுரக்கட்டையும் எப்படி ஒண்ணாகும்?"

அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மேடம், அவருக்குப் புத்தி கெட்டுப்போச்சுனு நெனச்சீங்களா? அந்தக் கூம்பு மாதிரி பாத்திரம்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவும், மீதி போவாது. வண்டில அப்டித்தான் அடுக்குவாரு."

டாக்டரம்மா கட்டைகளை மறுபடி பார்த்துச் சிரித்தார். "அதுவும் சரிதாம்மா." அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"இப்ப வேற மாதிரி பிரிங்க பாய். உருள்றது ஒரு பக்கம், உருளாதது ஒரு பக்கம்."

மச்சான் தலையாட்டினார். கூம்புகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். மீதியை மறுபக்கம் தள்ளினார்.

டாக்டரம்மா கோளத்தை உருட்டிக் காட்டினார். "இது உருளுது. இன்னும் எதெல்லாம் உருளும்?"

"தெரியுதுங்க." மச்சான் உருளையையும் தானே உருட்டிப் பார்த்தார். அது நன்றாகவே உருண்டது. பிறகு அதே இரண்டு குவியல். இன்னொரு தடவை கேட்டபோதும் அதே.

டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "வளைவுல திடீர்னு மாடு குறுக்க வந்தா, செஞ்சிட்டிருக்கறத விட்டுட்டு வேற செய்யணும்மா. அதுதான் இன்னும் வரல."

 

மச்சான் கட்டைகளிலிருந்து நிமிர்ந்தார். "சரியா வெச்சிருக்கேனா, ஜெய்பு?"

அவர் அவளிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"சரியாத்தாங்க இருக்கு," என்றாள் அக்கா. பிறகு அவர் சட்டைப்பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.