கருணையோடு கொடுத்த விஷம்

எங்கள் வகுப்பில் அந்த இங்கிலீஷ் நாவலை யாரும் படித்ததில்லை. வாத்தியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.க்கு அதுதான் நான்-டீடெயில் என்கிற துணைப்பாடம். விக்டோரியா மகாராணி காலத்துக் கதை. ஒரு வாக்கியம் ஸ்ரீரங்கத்தில் புறப்பட்டால் காவிரிப் பாலம் தாண்டி திருச்சி ஜங்ஷனில் வந்துதான் நிற்கும். யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று நமக்குத் தெரியாது. எங்கள் இங்கிலீஷ் சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெஞ்சு வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சத்தம் நின்றால் "நெக்ஸ்ட்" என்பார். ஒருநாள் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தபோதும் "நெக்ஸ்ட்" என்றார்.

எனக்கு அந்த வருஷம் விளையாட்டில்லை. பொதுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலேயே ஒரு செலக்ஷன் பரீட்சை வைப்பார்கள். அதில் தேறாதவனைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். காந்தி மார்க்கெட் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தேறினா காலேஜு. தேறலேன்னா தராசு. ரெண்டுமே நல்ல எடந்தான், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லே." அவருக்கு வருத்தமில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொட்டலம் மடிக்க எங்கள் கடைக்குப் பழைய காகிதம் எடைக்கு வரும். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சீமைக்குக் கப்பலேறப் புறப்படும்போது வீட்டுப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு மூட்டையில்தான் அந்தப் படக்கதை கிடைத்தது. அட்டை இல்லை. ஆனால் கட்டம் கட்டமாகப் படம், வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் பேச்சு, பேச்சுக்குள் எங்கள் நான்-டீடெயில் ஆட்களின் பெயர்கள். அதே கதை, முழுக் கதை.

முழுக் கதை இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் தாளும் கடைசித் தாளும் காணோம்.

"அந்தக் கலர்த் தாளா?" என்றார் அப்பா. "அரியமங்கலத்து அம்மா காலையிலே மிளகா வாங்கிட்டுப் போச்சு, அதுல போயிருக்கும். ஏன், அதுல என்ன?"

"கதையோட முடிவுப்பா."

"மிளகாய்க்கு அது போதும், போ."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வகுப்பே என்னைச் சுற்றி உட்கார்ந்தது. படத்துக்கு விளக்கம் சொன்னவன் என் சிநேகிதன். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை. எதைச் சொன்னாலும் உபன்யாசம் மாதிரி வரும். "பாவம்டா, இந்தப் பிள்ளைக்குத் தாயார் தோப்பனார் ரெண்டு பேரும் இல்லே. சித்தப்பா ஆத்துல அடிபட்டுண்டு கிடக்கான். இதோ நிக்கிறானே கறுப்புக் கோட்டு, இவன் வக்கீல். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியறதோல்லியோ, மகாபாதகன்."

எங்களிடம் இருந்த கடைசிப் படத்தில் பிள்ளை ஜுரத்தில் கிடக்கிறான். கறுப்புக் கோட்டு குனிந்து நிற்கிறான், கையில் பாட்டில். பலூனில் 'குடி' என்று ஒரே வார்த்தை. எம்.ஏ. படித்தவன் வந்து சொல்ல வேண்டியதில்லை. கறுப்புக் கோட்டும் பாட்டிலும் சேர்ந்தால் என்ன என்பது திருச்சி டாக்கீசுகளில் தரை டிக்கெட் வாங்கி வளர்ந்த எங்களுக்குத் தெரியாதா? விஷம். பிள்ளை செத்தான். இரண்டு பேர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து சார் வந்தார். "எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற தடியனுங்க பொம்மை பாக்குறீங்களா? வெக்கமா இல்லே?" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பாடம் பிரமாதமாகிவிட்டது. தூங்கவில்லை. "நெக்ஸ்ட்" இல்லை. சித்தப்பா வீட்டு வாசற்படி எத்தனை உயரம், வேலைக்காரி எந்தப் பக்கம் வகிடு எடுத்திருந்தாள், எல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். பாடப்புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார். உள்ளே இருந்தது அதைவிட அகலம் என்பதால் இரண்டு பக்கமும் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் படக்கதை ஒளித்துப் படிப்பது உலகத்து வழக்கம். எங்கள் வகுப்பில் அந்தச் சிரமத்தை வாத்தியாரே ஏற்றுக்கொண்டார்.

அச்சடிக்கையில் சாயம் நகர்ந்து சித்தப்பாவின் தாடி பச்சையாக விழுந்திருந்தது. சார் அதையும் விடவில்லை. "தாடி பச்சைன்னு எழுதுங்க. அந்தக் காலத்து லண்டன்ல பெரிய மனுஷங்க சாயம் பூசிக்குவாங்க." எழுதிக்கொண்டோம்.

செலக்ஷன் வந்தது. கேள்வித்தாள் தயாரித்தவர் தலைமையாசிரியராக இருந்த பாதிரியார். எங்களுக்கு ஃபாதர். அவர் அந்த நாவலைச் சின்ன வயதிலேயே படித்தவர், அந்தக் கட்டடத்தில் அப்படி ஒருவர் இருந்தது எங்கள் கெட்ட நேரம். 'வக்கீலின் கருணை வெளிப்படும் கடைசிக் காட்சியை விவரிக்கவும்' என்று கேட்டிருந்தார். பேனாக்கள் நின்றுவிட்டன.

நான்தான் எழுந்தேன். "சார், கேள்வி தப்பா இருக்கு சார். அவன் விஷம்ல குடுக்குறான்."

ஹாலில் நின்றிருந்தவர் எங்கள் சாரேதான். கேள்வித்தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். "ஃபாதர் போட்ட கேள்வி எப்படிடா தப்பாகும்? யோசிக்கணும். பிள்ளை ஜுரத்துல துடிக்கிறான். கண்ணால பாக்கச் சகிக்கலே. அதான் கருணையோட விஷம் குடுத்தான். எழுது, உக்காரு."

ஹாலே எழுதியது. என் சிநேகிதன் இன்னும் ஒரு படி போய், குடித்த பிள்ளைக்குப் பரமபத வாசல் திறந்தது என்று முடித்தான்.

இரண்டு நாள் கழித்து ஃபாதர் விடைத்தாள் கட்டோடு வகுப்புக்கு வந்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார். "அந்தப் பையன் புத்தகத்துல பிழைச்சுக்கிறான். வக்கீல் குடுத்தது மருந்து. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் காப்பாத்துறான். பிறகு வீடு வாசல், கல்யாணம் எல்லாம் நடக்குது. நீங்க எல்லாருமா சேந்து கொன்னுட்டீங்க. யாரு சொன்னது?"

நாங்கள் சாரைப் பார்த்தோம். சார் என்னைப் பார்த்தார். "இவன்தான் ஃபாதர், எங்கேருந்தோ ஒரு பொம்மைப் புத்தகம் கொண்டாந்து கிளாஸையே கெடுத்துட்டான். நான் அன்னிக்கே பறிமுதல் பண்ணிட்டேன்."

"பச்சைத் தாடியும் அதுலதானா? எங்கே அந்தப் புத்தகம், கொடுங்க பாப்போம்."

"வீட்ல இருக்கு ஃபாதர்," என்று சார் குரலை இறக்கினார். "என் பையன் பாத்துட்டிருக்கான்."

அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முட்டை. மற்ற பாடங்களில் தெம்பாக இருந்தவர்கள் தப்பினார்கள். சிநேகிதன் தேறினான், பிறகு காலேஜுக்கும் போனான். நான் அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். அப்பா தராசுத் தட்டைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் நான்-டீடெயில் பொட்டலத்துக்குப் போய்விட்டதால், சிநேகிதன் தன்னுடையதை எனக்கே கொடுத்துவிட்டான். கூட்டமில்லாத மத்தியானங்களில், பருப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு, அகராதி பக்கத்தில் கிடக்க, அந்த நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஃபாதர் சொன்னது சரி. பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். வக்கீல் மகா நல்ல மனிதர். சித்தப்பாவுக்குத் தாடியே கிடையாது.

அடுத்த வருஷம் சார் மிளகாய் வாங்க வந்தார். உரிமையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா, படிக்கிறதை விட்டுட்டியா?"

"இல்ல சார். அந்த நாவலைப் படிச்சு முடிச்சேன். நீங்க படிச்சாச்சா சார்?"

"எங்கடா நேரம்? அதான் பாடத்தையே மாத்திட்டாங்களே. இந்த வருஷம் வேற நாவல், இன்னும் தடிமன்." கடைக்குள் மூட்டைகளை ஒரு நோட்டம் விட்டார். "ஆமா, பொன்மலைக் காகிதம் இன்னும் வருதா? இதுக்கும் ஒரு பொம்மைப் புத்தகம் வந்தா எனக்குன்னு எடுத்து வையேன்."

"கடைசித் தாளோட வந்தா எடுத்து வைக்கிறேன் சார்."

"இருக்கிற வரைக்கும் போதும்டா," என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார். "மிச்சத்தை ஃபாதர் கேள்வியிலயே சொல்லிடுவாரு."