அப்பாவின் தாகம்

டி.வி.யில் கதாநாயகனும் கதாநாயகியும் மழையில் நனைந்தால் எங்கள் அப்பாவுக்குத் தாகம் எடுக்கும். அவர்கள் நனைய நனைய இவருக்குத் தொண்டை வறளும். "பாப்பா, ஒரு டம்ளர் தண்ணி எட்துனு வா" என்பார். நான் சமையலறைக்குப் போய் மொண்டுகொண்டு வருவதற்குள் மழை நின்று, வில்லன் யாரையாவது அரிவாளால் துரத்திக்கொண்டிருப்பான். வெட்டுக் குத்துக்கு அப்பாவுக்குத் தாகம் எடுத்ததே இல்லை.

ஜோகுபாளையத்தில் ஓர் அறையும் சமையலறையுமான வாடகை வீடு எங்களுடையது. அப்பா ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டினார். அம்மா கார்மென்ட்ஸில் தைத்தாள். அப்பாவின் தம்பி, கல்யாணமாகாத சித்தப்பா, எங்களோடு இருந்தார். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், குடிப்பதற்குக் கேன். "இன்னும் ரெண்டு லவ் படம் போட்டா கேன் காலி" என்று அம்மா முணுமுணுப்பாள். ஏனென்றால் அப்பா ஒரு வாய்தான் குடிப்பார். மீதி அப்படியே வாசல் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். எங்கள் தெருவிலேயே செழிப்பான கறிவேப்பிலை அதுதான். அது காதல் காட்சிகளால் வளர்ந்த செடி என்று யாருக்கும் தெரியாது.

நாலாவது படிக்கும்போது நான் இந்த வேலையில் தேறிவிட்டேன். பாட்டுக்கு முன்னால் வரும் புல்லாங்குழல் காதில் விழுந்ததுமே, கேட்பதற்கு முன்பாகவே எழுந்துவிடுவேன். அந்த மாதிரிக் காட்சியைப் பார்த்தால் பெரியவர்களுக்கு நாக்கு வறளும் என்பது என் கண்டுபிடிப்பு. கூடவே ஒரு கவலையும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சுகர். அவரும் ஓயாமல் தண்ணீர் குடிப்பார். அப்பாவுக்கும் சுகர் இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சித்தப்பா பெரிய திரை வைத்த போன் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிக்கப் போகும்போது, விளையாடிக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஓடுகிற விளையாட்டு அது, தடுக்கி விழாமல் விரலால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுகிற வேகத்தில், மேலே எட்டிப் பார்த்த ஒரு மெசேஜில் விரல் பட்டுவிட்டது. விளையாட்டு போய் ஒரு வீடியோ ஓட ஆரம்பித்தது.

அதில் என்ன இருந்தது என்று எழுதப்போவதில்லை. பெரியவர்கள் பார்ப்பதற்கென்று பெரியவர்கள் எடுத்தது, அவ்வளவு போதும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பார்க்கக் கூடாதது என்று மட்டும் தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்தேன். சத்தம் நிற்கவில்லை. தலையணையால் மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் தலையணை பேசிக்கொண்டிருந்தது, அப்புறம் ஓய்ந்தது.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாடி வீட்டுப் பெண் எதையோ பார்த்துவிட்டாள் என்று கரண்டியால் அடி வாங்கியது எனக்குத் தெரியும். கூரை வழியாகக் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அவளை விளையாடவே விடவில்லை. சொன்னால் எனக்கும் அதே கதிதான். சொல்லாமல் இருக்கலாமென்றால் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை. சொல்வதற்கு வார்த்தையும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டுபோய், பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைத் தட்டி எழுப்பி நீட்டினேன்.

"நான் கேக்கலியே" என்றார். இருந்தாலும் வாங்கி ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். நான் போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தேன். அதை வைத்துவிட்டு மறுபடியும் போனேன். டம்ளர் தீர்ந்துபோய்ச் சொம்பில் கொண்டுவந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்தார். வரிசையாக நின்ற டம்ளர்களைப் பார்த்தார். அணைந்துகிடந்த டி.வி.யைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எதுல பாத்த கண்ணு?" என்றார்.

தலையணையைக் காட்டினேன். காட்டியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா போனை எடுத்துப் பார்த்தார், உடனே அணைத்தார். சத்தம் கேட்டு வாசலிலிருந்து வந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கியதும் கை ஓங்கிவிட்டது. "எதை நோண்டின, சொல்லு!"

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்மகிட்ட வந்து சொல்லிகீறா. இன்னிக்கு அடிச்சின்னா, நாளைக்கு எவன்கிட்ட தண்ணி எட்துனு போவா?"

அம்மா கையை இறக்கினாள். இறக்கிய கையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

சித்தப்பா துண்டோடு வந்து நின்றார். "நான் இல்லண்ணா, க்ரூப்ல எவனோ அனுச்சிகீறான். நான் தொறக்கவே இல்ல."

"எவன் அனுச்சா இன்னாடா? கொழந்த கைல குடுத்தது நீதானே?"

தலை துவட்டக்கூட மறந்து, ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, சித்தப்பா அந்த க்ரூப்பிலிருந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு நான் விளையாடியதெல்லாம் அப்பாவின் பழைய பட்டன் போனில்தான். அதில் ஒரு பாம்பு இருந்தது, அதற்குக் கெட்ட புத்தி எதுவும் கிடையாது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக் கொடுத்தார். ஸ்டியரிங் பிடித்தே பழகிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"அது பெரியவங்க சமாச்சாரம் பாப்பா. காசுக்கு எடுக்கறது, நெசம்னு நெனைக்காத. உன்மேல ஒரு தப்பும் இல்ல. யார் கைலயாச்சும், எங்கனா மறுபடி பாத்துட்டா என்கிட்ட வந்துடு. தண்ணி கூட வேணாம், சும்மா வா."

எனக்கு அடி விழாது. என்னை விளையாட விடுவார்கள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதும், அதுவரை கையில் பிடித்திருந்த தில்பசந்த்தைக் கடித்தேன். அவ்வளவு இனிப்பாக எதையும் நான் அதுவரை தின்றதில்லை.

"வேற இன்னா கேக்கணும் உனக்கு? எதுவானாலும் கேளு" என்றார் அப்பா. பயந்துகொண்டேதான் சொன்னார்.

நெடுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். "உனக்குச் சுகராப்பா?"

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அப்பா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தியமா இல்ல" என்றார். எனக்கு இரண்டாவது பாரமும் இறங்கியது.

வீட்டுக்கு வந்தோம். பாயோரத்தில் நான் வைத்த டம்ளர்கள் அப்படியே இருந்தன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, நின்றபடியே, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார். கடைசியில் சொம்பையும் அண்ணாந்து காலி செய்தார். அன்று கறிவேப்பிலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

டி.வி.யில் மழை இல்லை, பாட்டு இல்லை. அப்பாவுக்கு உண்மையாகவே தொண்டை வறண்டது அன்றைக்குத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. சுகர் விஷயத்தில் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.