சோளத்துக்கும் கந்தகம் வேணுமாம்

சோளம் போடுற ஆளோட முகத்தைப் பார்த்தாலே போதும், காட்டுல இலை என்ன நிறத்துல நிக்குதுன்னு சொல்லிறலாம். மோட்டர் வச்சு ஆத்துத் தண்ணி பாய்ச்சுற உங்களுக்கு இதை நான் சொல்லணுமா? மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்ச நானும் கூட்டாளி முத்தம்மாவும் மொனராகலைப் பக்கம் இறங்கி, சுமனபால முதலாளியோட காணியைக் குத்தகைக்கு எடுத்தோம். முதல் போகம் சொத்தை. ரெண்டாவது விதைச்சப்போ அவர் சொல்லிட்டார்: "அக்கே, இந்தத் தடவையும் சரிவராட்டி வாழைக்காரனுக்குக் குடுப்பேன். கோவிக்க வேணாம்."

மஞ்சள் குருத்து

முழங்கால் உசரத்துல பயிர் வெளுத்துச்சு. யூரியா போட்டோம். இன்னும் வெளுத்துச்சு. மறுபடியும் போட மூட்டையைப் பிரிக்கிறப்போ விவசாயப் போதனாசிரியர் வந்தாங்க, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குனிஞ்சு காட்டினாங்க: அடி இலை பச்சை, குருத்து மட்டும் மஞ்சள். யூரியா குறைஞ்சா அடி இலைதான் முதல்ல பழுக்கும். இது கந்தகக் குறையாம். மணல் தரையில தண்ணி பாயப் பாய கந்தகம் கரைஞ்சு கீழ போயிருமாம். கந்தகம் கலந்த அமோனியம் சல்பேட் போட்டு, தண்ணியை அளவா விடச் சொன்னாங்க.

"கந்தகம்னா பட்டாசு மருந்துல்ல?"ன்னு முத்தம்மா மிரண்டா.

"பயப்பிடாதேங்கோ அம்மா, சோளம் பொரிச்சாத்தான் வெடிக்கும்."

தேயிலைக் கை

முத்தம்மா தோட்டத்துல உரம் போட்டவ. தேயிலைக்கு வீசுற மாதிரியே சோளத்துக்கும் வீசினா. தேயிலையில விழுந்ததைக் குச்சியால தட்டிவிட்டா உதிரும். சோளத்துலயோ குருத்துக்குள்ள சீனி மாதிரி போய் உக்காந்துக்கிச்சு. தட்டத் தட்ட உள்ள இறங்குது. விட்டா கருகிடும். ஆளுக்கொரு வரிசையா குருத்து குருத்தா விரலை விட்டு நோண்டி எடுத்தோம்.

பக்கத்துக் காணி மெனிக்கே வேலியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா: "என்ன அக்கே, சோளத்துக்கும் பேன் இருக்கா?"

மோட்டர் ஓடின மத்தியானம்

உரம் போட்டு முடிச்சதும், மண் நனையுற அளவுக்கு மட்டும் தண்ணி விடச் சொல்லி என் வீட்டுக்காரரை மோட்டர்கிட்ட உக்கார வச்சேன். நான் சமைச்சு எடுத்துட்டு வந்து பார்த்தா, மனுசன் பலா மரத்தடியில குறட்டை. மேல் பாத்தி குளமா நிக்குது. ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினேன். கந்தகம் போச்சு, காணியும் போச்சுன்னு தலையில கை வச்சு உக்காந்துட்டேன்.

அவர் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு எந்திரிச்சார்: "பயிரு தாகமா நிக்குதுன்னு காலையில நீதானே சொன்ன?"

வாழைக்காரர் வந்தார்

நல்லவேளை, மத்த பாத்திக்கெல்லாம் அளவாத்தான் தண்ணி எட்டியிருந்துச்சு. அங்கெல்லாம் புதுக் குருத்து பச்சையா விரிஞ்சுச்சு. பூ எடுக்குற நேரத்துல காடு ஆள் உசரத்தைத் தாண்டி கரும்பச்சையா நின்னுச்சு. மேல் பாத்தி மட்டும் மஞ்சளா, குட்டையா. அப்பத்தான் சுமனபால முதலாளி வாழைக்காரரைக் கூட்டிட்டு வந்தார்.

முதலாளி மேல் பாத்தியைப் பார்த்தார், மத்ததைப் பார்த்தார். "ஒரே மண்ணு, ஏன் இப்படி?"ன்னார். கந்தகம் தங்கின எடம் இது, கழுவிட்டுப் போன எடம் அதுன்னேன். வாழைக்காரர் உள்ள நுழைஞ்சார், ஆளே தெரியல. வெளிய வந்தப்போ தலையெல்லாம் மகரந்தம், ஒவ்வொரு கையிலயும் ஒரு பிஞ்சுக் கதிர்.

"முதலாளி, இதை வெட்டிட்டு வாழை நடச் சொன்னா என் பெஞ்சாதியே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

காணி எங்க கையிலயே நின்னுச்சு. மேல் பாத்தி மட்டும் மஞ்சளாகலைன்னா கந்தகக் கதையை முதலாளி நம்பியிருப்பாரான்னு கேட்டு, தூங்கினதுக்கும் சம்பளம் கேக்குறார் எங்க வீட்டுக்காரர்.