ஹீட்டரைப் பிடுங்கிய பூங்கோதை மேடம்

பூங்கோதை மேடத்தின் மகன் தில்லி கிட்வாய் நகரிலிருந்து காலையில் கூப்பிட்டான். "அம்மா எக்ஸ்பயர் ஆயிட்டாங்க அங்கிள். ராத்திரி, ஸோதே ஸோதே..." என்றவன், தமிழ் வராமல் திணறினான். "தூக்கத்துலயா?" என்று கேட்டேன். "ஹாங்" என்றான். வெளியே ஜனவரி மூட்டம். அவரை நினைக்க இதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. ஏன் என்பது எங்கள் பணிமனைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அங்கே நாங்கள் சுழல்மேசைகள் செய்தோம். மேலே ஏற்றிய கருவியை இம்மி பிசகாமல் திருப்பித் திருப்பிச் சோதிக்க உதவும் வட்ட மேசைகள். அவற்றின் உயிர் அடியில் இருக்கும் பேரிங்கில். அதைத் தேர்ந்தெடுப்பது மேடம், பொருத்துவது நான். மேடம் கோயம்புத்தூர்க்காரர். கேட்டலாக்கைத் தூக்கிக்கொண்டு போனால், "அது கெடக்கட்டுங்க. மேசை மேல என்ன உக்காரும், நடுவுல உக்காருமா ஓரத்துலயா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார்.

பராமரிப்பிலும் அதே கறார். ஒரு தீபாவளிக்கு நான் லட்டு தின்ற கையோடு பேரிங் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். "வெறுங்கை வேர்வை பட்டாலே துரு புடிக்கும், இதுல நெய் வேறயா? போய்க் கழுவிட்டு வாங்க!" என்று எல்லோர் முன்னாலும் விரட்டினார். கழுவிவிட்டு வந்து பார்த்தால், மிச்ச லட்டை அவர் முடித்திருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மேசை செய்தோம். எடை குறையட்டும் என்று, பேரிங் உட்காரும் கூட்டை அலுமினியத்தில் வரைந்தார் மேடம். மே மாத வெக்கையில் பொருத்தினோம். ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. வாங்குபவர்கள் சோதிக்க வந்ததோ ஜனவரியில். முந்தின நாள் பார்த்தால் மேசை திக்கித் திக்கி நகர்கிறது. குளிரில் அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கி, உள்ளே இருந்த எஃகு பேரிங்கை நெருக்கிவிட்டது. மேடத்தின் பதவி உயர்வுக் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது. இந்த மேசை வேண்டாமென்று திரும்பி வந்தால் கோப்பும் திரும்பி வரும்.

எங்கள் இயக்குநர் அசரவில்லை. தம் காலடியில் இருந்த ஹீட்டரை மேசைக்கருகில் வைக்கச் சொன்னார். காலையில் மேசை பழையபடி சுற்றியது. எங்களுக்குப் போன உயிர் வந்தது. வந்தவர்களும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிப் பேனாவைத் திறந்தார்கள். அப்போது மேடம் குனிந்து ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"பெஹலே கானா கா லீஜியே சாப், ஃபிர் தேக்கியே" என்றார் அவர்களிடம். முதலில் சாப்பிடுங்கள், பிறகு பாருங்கள் என்று. என் பக்கம் திரும்பி, "இது ஓடப்போற ரூம்ல ஹீட்டர் இருக்காதுங்க" என்றார். இயக்குநரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவர்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது மேசை திக்கியது. கூட்டை வரைந்தது தாம், தில்லிக் குளிரை மறந்ததும் தாம், பொருத்தியவர்கள்மீது குற்றமில்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னார் மேடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பதவி உயர்வு வரவில்லை. நான்தான் புலம்பினேன். "விடுங்க. அந்த மேசை அங்க போய் திக்கி நின்னிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்குமுங்களா?" என்றார். எடை கூடினாலும் சரியென்று எஃகில் புதுக் கூடு செய்து, குளிரிலும் வெயிலிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்பினார். அதன்பின் அந்த ஆய்வுக்கூடத்தார் எந்த மேசைக்கு வந்தாலும் "மேடம் நே தேகா?" என்றுதான் கேட்பார்கள். மேடம் பார்த்தாரா என்று. பார்த்தார் என்றால் முகம் மலர்ந்துவிடும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒரு வேலை அலுங்காமல் குலுங்காமல் முடிந்தால், பக்கத்தில் யாராவது ஹீட்டர் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இருந்தால் பிடுங்கிவிடுவேன்.

மாலையில் மேடத்தின் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாதாம், வீட்டில் சொன்னதே இல்லையாம். "அம்மா படுத்தா உடனே தூங்கிடுவாங்க அங்கிள், ஹமேஷா... எப்பவும்" என்றான்.

தூங்காமல் என்ன செய்வார்?