எண்ணெய்க் கையோடு சிற்றாற்றில்

அன்பான சகோதரிகளே, சகோதரர்களே, நான் பதற்றக்காரி. சாட்சி சொல்ல எழுந்தால்கூட என் கால் ஓரிடத்தில் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரைக் கர்த்தர் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம், ஆடிச் சாரல். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளை. தென்காசியில் ஒற்றை அறை வீடு. அவர் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரிக்கு டிரைவர். லாரி மலையேறினால் அவர் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. முழங்கால் போட்டு ஜெபித்தாலும் காது ரோட்டில்தான் இருக்கும். இப்படி அலைபாய்கிறவளுக்கு ஆண்டவர் எங்கே செவி கொடுக்கப்போகிறார் என்று அழுவேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து குற்றாலம் போனோம். அங்கே வழக்கம் உங்களுக்கே தெரியும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, அப்புறம்தான் அருவி. அவர் தலைமுதல் பாதம்வரை தேய்த்து முடித்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர்கள் விசில் ஊதிவிட்டார்கள். மலையில் பெருமழை. அருவி செம்மண் நிறத்தில் இறங்கியது. குளிக்க யாரையும் விடவில்லை.

அவருக்கும் பொறுமை கிடையாது. லாரி டியூபில் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தார். அருவிக்குக் கீழே சிற்றாறு பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடி, பூங்காவுக்குள் நுழையும். கூப்பிடு தூரம்தான். டியூபில் உட்கார்ந்து தென்னைமட்டையால் துழாவிக்கொண்டே பூங்கா வரை போவது லாரிக்காரர்களுக்கு வருஷா வருஷம் விளையாட்டு.

“அத்தான், தண்ணி நெறம் மாறிட்டு. வேண்டாம்னு சொல்லுதேன்லா!”

“முழங்கால் தண்ணிக்கு ஏம்ட்டி இப்படிப் பதறுத? எண்ணெயோடயா வீட்டுக்கு வர? நீ பூங்காவுக்கு வந்துரு, அங்கன ஏறிருதேன்.”

முதல் பாறையில் இடித்ததுமே மட்டை கையைவிட்டு வழுக்கிப் போனது. எண்ணெய்க் கை! டியூபைக் கட்டிப்பிடித்தார். அதுவும் வழுக்கியது. அவ்வளவு பெரிய லாரியை ஓட்டுகிற மனுஷருக்கு நீச்சல் தெரியாது.

நான் கரையோடு ஓடினேன். செருப்பு எங்கே போனதோ. தலையில் முக்காடு இல்லை, ஒரு வசனம்கூட நினைவில் இல்லை. “கர்த்தாவே, குடுத்துரும்! அவரக் குடுத்துரும்!” அவ்வளவுதான் என் ஜெபம். கெஞ்சலா அது? சண்டை போட்டேன்.

பூங்காவில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சின்ன நடைபாலம். பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்த இரண்டு பெண்கள் அதன்மேல் நின்று, நனைந்த சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். என் கத்தலைக் கேட்டுத் திரும்பினார்கள். அவர் தொற்றிக்கிடந்த டியூப் பாலத்தின் தூணில் முட்டி ஒரு நிமிஷம் சிக்கிக்கொண்டது. அதற்குள் மூத்தவள் சேலையைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

“முருகா! அண்ணாச்சி, புடிங்க!”

பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் வழுக்கியது. தண்ணீர் அவர் முகத்துக்கு மேலே போனது.

“கடிங்க அத்தான்! பல்லால கடிங்க!”

கத்தியது நான்தான். பதறுகிற நேரத்தில் என் புத்தி ஒருநாளும் வேலை செய்ததில்லை. அந்த யோசனை எனக்குள் எப்படி வந்தது? கர்த்தர்தான் கொடுத்தார், வேறு யார்? அவர் சேலையைக் கவ்விக்கொண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். “ஏட்டி, விட்டுராத, இழு!” என்று அந்த இருவரும் பாலத்தோடு நடந்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள். சேற்றைத் துப்பிக்கொண்டே எழுந்தார். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். எனக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அழத்தான் செய்தேன்.

சேலை நடுவில் கிழிந்திருந்தது. கிழிந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

“சேல போனாப் போவுது தாயி. ஒன் தாலி நிக்குதுல்லா” என்றாள் மூத்தவள். அவள் முருகனைக் கூப்பிட்டாள், நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். அவள் கையைக் கொண்டுதான் அவர் எனக்குப் பதில் தந்தார் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

கார்த்திகையில் எங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. என் வீட்டுக்காரர் இப்போது ஜெபிக்காமல் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. நான் மட்டும் மாறிவிட்டேனா என்று கேட்காதீர்கள். இன்றும் அவர் மலையேறியிருக்கிறார், எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே கர்த்தரோடு பேசுகிறேன். கேட்பாரோ என்ற பயம் போய்விட்டது.

உங்களில் யாருக்காவது இன்றைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டால், அது அடங்கட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். நடுங்குகிற குரலிலேயே கூப்பிடுங்கள். நான் அமைதியாகட்டும் என்று கர்த்தர் அன்றைக்குக் காத்திருந்தால், இப்போது உங்கள் முன்னால் ஒரு விதவை நின்றிருப்பாள்.